இருக்கைக்கு அடியில் எண்ணெய்

மாடல் டி போர்டு வண்டிக்கு எண்ணெய் போட வேண்டுமென்றால் முதலில் ஓட்டுநர் இறங்கியாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்தான். மெத்தையைத் தூக்கினால் அடியில் டேங்க். பத்து அமெரிக்க கேலன், ஏறக்குறைய 38 லிட்டர் பிடிக்கும். மூடியைத் திருகித் திறந்து, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் டின்னைக் கவிழ்ப்பார்கள். எண்ணெய் அளவு காட்டும் முள் எல்லாம் கிடையாது. ஓட்டுகிறவருக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் இருந்தது ஒரு மெத்தையும் கொஞ்சம் தகரமும்தான். உலகம் முழுக்க ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற ஒரு மாடலின் கதை இது.

பினாங்கு போன்ற ஊர்களுக்கு போர்டு வண்டிகள் பெரும்பாலும் டெட்ராய்ட்டிலிருந்து வரவில்லை. பிரிட்டனை விட்டுவிட்டால், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் போர்டு விற்கும் உரிமை கனடா போர்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒன்டாரியோவின் வாக்கர்வில்லில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்யப்பட்ட வண்டிகள் கப்பலேறி மதராஸ், பினாங்கு, சிங்கப்பூர் என்று இறங்கின. 1926-ல் சிங்கப்பூரில் தொடங்கிய போர்டு மலாயா நிறுவனமும் கனடாக்காரர்களின் கிளைதான். அதற்கு ஓராண்டு முன்பு, 1925 ஏப்ரலில், போர்டு ஒரு புதுச் சரக்கை விலைக்கு வைத்தது: இரண்டு பேர் உட்காரும் மாடல் டி வண்டியின் பின்னால் சின்னதாக ஒரு சரக்குத் தட்டு. அமெரிக்காவில் விலை 281 டாலர். தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து வந்த போர்டின் முதல் பிக்கப் அதுதான். அதுவரை சேசிஸை மட்டும் வாங்கிவந்து, உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்து மரத்தில் உடல் கட்டிக்கொள்வதே வழக்கம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் டிராமோடு போட்டி போட்டு ஓடிய 'மஸ்கிட்டோ' பஸ்களும் இப்படிச் சின்ன சேசிஸ்களின் மேல் கட்டியவைதான்.

டேங்க் ஏன் இருக்கைக்கு அடியில்? ஏனென்றால் வண்டியில் எண்ணெய்ப் பம்ப் இல்லை. டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்கு எண்ணெய் தானாக வழிந்து இறங்க வேண்டும். ஆகவே டேங்க் உயரத்தில் இருந்தாக வேண்டும். சமதரையில் இது பிசகாமல் வேலை செய்தது. செங்குத்தான மேட்டில், அதுவும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். கார்புரேட்டர் டேங்க்கைவிட உயரத்துக்குப் போய்விடும். எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும். அதற்கு மருந்து, வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடேறுவது. பின்னோக்கிப் போகும் கியரே வண்டியில் வலுவான கியராகவும் இருந்ததால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் வளைவுகளை இன்று ஹைலக்ஸில் கடக்கிறவர்கள், அதே மேட்டைக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி ஏறுவதை ஒரு தடவை கற்பனை செய்து பார்க்கலாம்.

அடுத்து வந்த மாடல் ஏ, 1927 கடைசியிலிருந்து 1931 வரை, டேங்க்கை இருக்கையிலிருந்து எடுத்து ஓட்டுநரின் முகத்துக்கு நேரே கொண்டுபோனது. எஞ்சினுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, முன்பக்கத் தகரமே டேங்க்கின் மேல்மூடி. எண்ணெய் அளவு காட்டும் முள், டேங்க்குக்குள் மிதக்கும் தக்கையோடு நேராக இணைந்திருந்தது. உயரம் கிடைத்தது, மேடேறும் சிக்கல் தீர்ந்தது. முழங்காலுக்கு மேலே பத்து கேலன் பெட்ரோல் தொங்குவதைப் பற்றி அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஓட்டுநருடைய உயிரைவிட எஞ்சினுக்கு எண்ணெய் தடைபடாமல் போவது முக்கியமாக இருந்த காலம் அது. இந்த முன்னுரிமை அடுத்த ஐம்பதாண்டுகளில் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவும் இல்லை.

வண்டிக்குள் எண்ணெய் எங்கே இருக்கலாம் என்று யோசிக்காதவர்கள், ஊருக்குள் அது எங்கே இருக்கலாம் என்று நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனின் மேகசின் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது பழைய வெடிமருந்துக் கிடங்கால். தீப்பிடிக்கும் பண்டம் குடியிருப்புக்கும் கடைத்தெருவுக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும் என்பது துறைமுக ஊர்களுக்குப் பழகிய பாடம். மண்ணெண்ணெய் முதலில் மரப்பெட்டிக்கு இரண்டு டின்னாக வந்தது. காலியான டின்கள் வாளியாகவும் கூரைத் தகரமாகவும் தோட்டத்து லயங்களில் வருடக்கணக்கில் உழைத்தன. 1892-ல் எண்ணெய் வணிகர் மார்க்கஸ் சாமுவேலின் 'மியூரெக்ஸ்' கப்பல், பத்தூமித் துறைமுகத்தில் ஏற்றிய மண்ணெண்ணெயை டின் எதுவும் இல்லாமல் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூருக்கு வந்தது. அதை இறக்கிய இடம் ஊர்க்கரை அல்ல, எட்டத்தில் இருந்த புக்கோம் தீவு. கரையோரப் பெருந்தொட்டிகளின் காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

பெருந்தொட்டி என்றால் குறிபார்க்க வசதி. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அந்தத் தீயைப் பார்த்துக் கிலிபிடித்து மதராஸைவிட்டு ஓடியவர்களின் கதையைத் தமிழ்நாட்டுப் பாட்டிமார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே எம்டன் ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலையில், நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இங்கே அது சுட்டது தொட்டிகளை அல்ல. ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பலையும், வெளியேறும்போது பிரான்ஸின் முஸ்கே கப்பலையும் மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இன்றும் இருக்கிறது.

இடையில் ஒரு சின்ன விலகல். 1925-லிருந்து 1961 வரை ஜார்ஜ் டவுனில் டிராலி பஸ்கள் ஓடின. மேலே கம்பியில் மின்சாரம், கீழே ரப்பர் சக்கரம், டேங்க்கே கிடையாது. எண்ணெயை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த ஊர் ஒருமுறை மிகச் சுத்தமான விடை கண்டுபிடித்துவிட்டு, பிறகு அதைக் கழற்றிப் போட்டுவிட்டது.

எண்ணெயே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் போர் காட்டியது. 1941 டிசம்பர் 11-ல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனின்மேல் குண்டு போட்டன. பிரிட்டிஷார் தங்கள் வெள்ளையர்களை மட்டும் ரகசியமாக ஏற்றிக்கொண்டு தீவைக் கைவிட்டுப் போனார்கள். 19-ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு பெட்ரோல் படைக்கு மட்டும். மலாயாவில் ஓடிய பஸ்களிலும் லாரிகளிலும் பலவற்றின் பின்னாலோ பக்கவாட்டிலோ ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை முளைத்தது. அதில் கரியைப் போட்டு, குறைவான காற்றில் புகைய விடுவார்கள். வெளியேறும் கார்பன் மோனாக்ஸைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும், ஒரு வடிகட்டியையும் குளிரூட்டும் குழாயையும் கடந்து எஞ்சினுக்குப் போகும். கிளம்புவதற்கு வெகு முன்பே அடுப்பைப் பற்றவைத்து விசிறிக்கொண்டிருக்க வேண்டும். வண்டியின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். மூடிய கொட்டகைக்குள் அடுப்பை அணைக்காமல் தூங்கினால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். பிரிட்டிஷ் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் தானே கரிவாயுக் கருவி ஒன்றை வடிவமைத்து 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் செய்து விற்றது. தென் மாவட்டத்துப் பஸ்கள் அதை முதுகில் சுமந்துகொண்டு ஓடின. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் நின்றுபோயிருந்த அந்த ஆண்டுகளில், இரு கரையிலும் ஒரே கரிப்புகை. மலாயாவில் கூடுதலாக ஒன்று செய்து பார்த்தார்கள்: ரப்பரைக் காய்ச்சி வடித்து எரிபொருள் எடுத்தார்கள். விற்க ஆளில்லாமல் ரப்பர் தேங்கிக் கிடந்தது. டேங்க்குகள் வறண்டு கிடந்தன. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் பிசினைப் படியவிட்டது.

அந்தப் போரின் ஒரு காட்சி இந்தக் கதைக்குள் தானாகவே வந்து உட்காருகிறது. 1942 பிப்ரவரி 15-ல் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானிய ஜெனரல் யாமஷிதாவிடம் சரணடைந்தது எந்த மாளிகையிலும் இல்லை. சிங்கப்பூர் புக்கிட் தீமாவில், கட்டி முடித்துச் சில மாதமே ஆகியிருந்த போர்டு தொழிற்சாலையில். ஆக்கிரமிப்புக் காலத்தில் அதே கூரையின் கீழ் நிசான் நிறுவனம் ஜப்பானியப் படைக்கு லாரிகளைப் பூட்டியது. 1957-ல் கோலாலம்பூரின் டான் சோங் சகோதரர்கள் நிசானின் டட்சன் வண்டிகளை விற்கும் உரிமையை வாங்கினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் சந்தைக்குக் காய்கறியும் மீனும் கொண்டுவரும் டட்சன் பிக்கப் மலேசியா முழுவதும் பழகிய காட்சியாகிவிட்டது. அதில் டேங்க் சரக்குத் தட்டுக்கு அடியில், ஓட்டுநரைவிட்டு விலகி இருந்தது. மாற்றி வைக்க வேண்டிய அவசியமே இல்லாத வண்டி.

சீர்செய்கிறவர்களை டேங்க்கை இடம் மாற்றி வைக்கத் தூண்டும் பழைய வண்டிகள் இரண்டு வகை. ஒன்று லேண்ட் ரோவர், மற்றது அமெரிக்க பிக்கப்.

லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமானது 1948 ஏப்ரல் கடைசியில், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். ஆறேழு வாரத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் போலீஸுக்கும் படைக்கும் தோட்டத் துரைமாருக்கும் இந்த வண்டி இல்லாமல் பொழுது போகவில்லை. அதிலும் டேங்க் இருக்கைக்கு அடியில்தான், சேசிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கமாக. முதல் தொடர் வண்டியில் மாடல் டி போலவே மெத்தையைத் தூக்கித்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். தோட்டாவுக்குப் பயந்து இரும்புத் தகடு போர்த்திய வண்டிகளிலும் ஓட்டுநர் பெட்ரோலின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். பம்ப் வந்துவிட்டதால் உயரத்துக்கான தேவை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் இடம் மாறவில்லை. பின்னால் சரக்கு, அடியில் பாறை, முன்னால் எஞ்சின். மீதி இருந்த பாதுகாப்பான மூலை ஓட்டுநரின் இருக்கைதான் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். டேங்க்குக்குப் பாதுகாப்பான மூலை, அதாவது. கேமரன் மலையில் காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே இன்றும் உருண்டுகொண்டிருக்கும் பழைய லேண்ட் ரோவர்களில் பல இந்த ஏற்பாட்டோடுதான் எழுபது வயதை நெருங்குகின்றன.

அமெரிக்கர்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள். 1947-ல் வந்த புது ஷெவர்லே பிக்கப்பில் டேங்க் முதலில் தட்டுக்கு அடியில் இருந்தது. 1949-ல் அதை எடுத்துக் கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார்கள். 1972 வரை அங்கேயே இருந்தது. போர்டின் எஃப் வரிசையிலும் அறுபதுகளில் இதே ஏற்பாடுதான். சேற்றுத் தண்ணீரும் கல்லும் படாது. சேசிஸின் நீளம் எதுவானாலும் ஒரே டேங்க் போதும். தட்டுக்கு அடியில் ஒன்றும் தொங்காது. செலவும் குறைவு. ஓட்டுநருக்குக் கிடைத்தது பெட்ரோல் நெடி, முதுகுக்குப் பின்னால் களக் களக் என்ற சத்தம், பின்னால் சாயாத இருக்கை. இருபது கேலன் பெட்ரோல், 75 லிட்டர், 55 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு மெலிந்த ஆளின் எடை.

1973-ல் ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் டேங்க்கைக் கேபினைவிட்டு வெளியே எடுத்தன. அமெரிக்காவில் எரிபொருள் கசிவு பற்றிய விதிகள் இறுகிக்கொண்டிருந்த நேரம். நல்ல காரியம்தான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வைத்த இடம்தான் பிறகு நீதிமன்றங்களில் நாறியது. சேசிஸின் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் வைத்தால் ஒரு டேங்க்குக்குத்தான் இடம். சட்டங்களுக்கு வெளியே, வண்டியின் விலாவில் தொங்கவிட்டால் இரு பக்கமும் ஒவ்வொன்று, மொத்தம் நாற்பது கேலன். பெட்ரோல் பங்க்கில் நிற்காமல் நெடுந்தூரம் போகலாம் என்று விளம்பரம் செய்யலாம். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் நடுவில் இருப்பது வெளித்தகரம் மட்டுமே. 1973-க்கும் 1987-க்கும் இடையே இப்படி ஏறக்குறைய ஒரு கோடி வண்டிகள் வெளிவந்தன.

1992 ஆகஸ்டில் வண்டிப் பாதுகாப்புக்காகப் போராடும் அமைப்புகள் இவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று அரசிடம் மனுக் கொடுத்தன. அந்த நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு மோதல் சோதனையைக் காட்டியது. வண்டி தீப்பிடித்தது. அந்தத் தீ பற்றுவதற்கென்றே வண்டிக்கு அடியில் சின்ன பொம்மை ராக்கெட் மோட்டார்களை ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. 1993 பிப்ரவரி 9-ல் என்.பி.சி. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் அட்லாண்டா நீதிமன்றத்தில், இப்படி ஒரு பிக்கப்பில் தீயில் இறந்த 17 வயது இளைஞனின் பெற்றோருக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும்படி ஜூரி தீர்ப்பளித்திருந்தது. நிஜமாகவே குறை இருந்த ஒரு வண்டியின் மேல் பொய்ச் சாட்சி ஜோடித்து, அந்தக் குறையையே சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டது ஒரு தொலைக்காட்சி. இதழியல் வகுப்புகளில் இன்றும் பாடம் இது. அட்லாண்டா தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. 1994 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் ஃபெடரிகோ பேன்யா, வண்டியில் குறை இருப்பதாக முதற்கட்ட முடிவை அறிவித்தார். டிசம்பரில், பாதுகாப்புத் திட்டங்களுக்கு ஐந்து கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டது, அரசின் விசாரணை முடிந்தது. ஒரு வண்டிகூடத் திரும்ப அழைக்கப்படவில்லை. 1988 மாடலிலிருந்து புதிய வண்டிகளில் டேங்க் சேசிஸ் சட்டங்களுக்கு உள்ளே போய்விட்டிருந்தது. அந்த இடமாற்றத்துக்கு எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை.

டேங்க்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாலே போதும் என்று நினைப்பதற்கும் இல்லை. எழுபதுகளின் போர்டு பின்ட்டோ காரில் டேங்க் கடைசியில், பம்பருக்கு அருகில் இருந்தது. பின்னாலிருந்து மோதினால் அது பின் அச்சின் போல்ட்டுகளில் போய்க் குத்திக் கிழிந்தது. இடம் என்றால் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பழைய பிக்கப்பைச் சீர்செய்கிறவர்கள் இன்று கேபின் டேங்க்கை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இடம், பின் அச்சுக்குப் பின்னால், சேசிஸின் இரு சட்டங்களுக்கும் நடுவே. அங்கே வழக்கமாக உதிரிச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். காலியாக ஓடும்போது பிக்கப்புக்குப் பின்பக்கம் எடை போதாது. எண்ணெயின் எடை அங்கே சேர்வது மழை நாளில் நல்லதுதான். அமெரிக்காவில் ஷெவர்லே பிளேஸர் வண்டியின் டேங்க் அளவாகப் பொருந்துகிறது என்று பலர் அதையே வாங்கிப் பூட்டுவார்கள். ஜார்ஜ் டவுனில் அது கிடைக்கப் போவதில்லை. ஒன்று கப்பலில் வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் தகரப் பட்டறையில் சொல்லி அடிக்க வேண்டும்.

அடித்து முடித்த டேங்க் வேலையில் பாதிகூட இல்லை. உள்ளே தடுப்புத் தகடு வேண்டும். இல்லையென்றால் வளைவில் 75 லிட்டரும் ஒரே பக்கம் சாயும். காற்று போய்வரக் குழாய் வேண்டும். வண்டி கவிழ்ந்தால் அந்தக் குழாய் வழியாகவே எண்ணெய் கொட்டாமல் தடுக்க ஒரு வால்வும் வேண்டும். கேபினுக்குள் இருந்த டேங்க் எஞ்சினுக்குப் பக்கத்தில், அதற்கு இணையான உயரத்தில் இருந்தது. இப்போது பம்ப் பத்தடிக்கு மேல் தள்ளியிருந்து, கீழிருந்து இழுக்க வேண்டும். பினாங்கின் மதிய வெயிலில், நெரிசலில் நின்று நின்று போகும்போது, குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஆகவே டேங்க்குக்குப் பக்கத்திலேயே மின்சாரப் பம்ப் வைத்து, இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளச் செய்கிறார்கள். விபத்தில் எஞ்சின் நின்றதும் அந்தப் பம்ப்பும் நிற்கும்படி ஒரு சுவிட்ச் இல்லையென்றால், பழைய ஆபத்தைவிடப் பெரியதைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும். குழாய் சைலன்சர் பக்கமாக ஓடக்கூடாது.

எண்ணெய் முள்ளும் ஏமாற்றும். 1965-க்கு முந்திய ஷெவர்லே முள் சுழியத்திலிருந்து 30 ஓம் வரை படிக்கும்; பிந்தியது 90 வரை. போர்டில் தலைகீழ்: டேங்க் காலியானால் ஓம் கூடும். ஒரு கம்பெனியின் டேங்க்கை இன்னொரு கம்பெனியின் டாஷ்போர்டோடு இணைத்தால், நிரம்பிய வண்டி காலி என்று புலம்பும். காலி வண்டி நிரம்பிவிட்டேன் என்று நிம்மதியாக ஓடும்.

பழைய டேங்க்கையே வெட்டி ஒட்டிப் பயன்படுத்த நினைப்பவர்களுக்குப் பட்டறைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க் மோசம். திரவம் போன பிறகும் மூலைகளிலும் மடிப்புகளிலும் ஆவி தங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டு. வெல்டிங் வைக்கும் முன் சுடுநீரில் கழுவி, தண்ணீரையோ எரியாத வாயுவையோ நிரப்பிக்கொள்ளாமல் கைவைத்தவர்களில் உயிரைவிட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கடலோர ஈரக்காற்றில் டேங்க்கின் உட்புறம் துருப்பிடிப்பது வேறு. டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. 2019-லிருந்து மலேசிய டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. பழைய டேங்க்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் மலேசியாவில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. இந்த நாட்டில் 'டேங்க்கை மாற்றினேன்' என்றால் கேட்கிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பழைய வண்டிப் பிரியர் அல்ல, எண்ணெய் கடத்துபவர். அரசு மானியத்தால் இங்கே எரிபொருள் பெரும்பாலான அக்கம்பக்க நாடுகளைவிட மலிவு. தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெர்லிஸ், கெடா சாலைகளில், சரக்குத் தட்டுக்கு அடியிலும் போலிச் சுவருக்குப் பின்னாலும் கூடுதல் டேங்க் ஒளித்த லாரிகளையும் பிக்கப்புகளையும் அதிகாரிகள் பிடிப்பது வாடிக்கையான செய்தி. 1961-ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவார்கள். அமெரிக்காவில் டேங்க்கின் இடத்தைத் தீ முடிவு செய்தது என்றால், இங்கே அதைக் கண்காணிப்பது கஜானா.

தெற்கு எல்லையில் சிங்கப்பூர் இன்னொரு முனையில் பூட்டுப் போட்டது. 1989-ல் சிங்கப்பூர் வண்டிகள் பாதி டேங்க்காவது நிரம்பியிருந்தால்தான் ஜோகூருக்குள் போகலாம் என்று விதி வந்தது. 1991-ல் அது முக்கால் டேங்க்கானது. உடனே சிலர் எண்ணெய் முள்ளைத் திருத்தினார்கள்: டேங்க் காலியாக இருந்தாலும் முள் முக்காலில் நிற்கும். பட்டறைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொள்ளும் அதே ஓம் கணக்கை, இவர்கள் வேண்டுமென்றே தப்பாகப் போட்டார்கள். 2010-ல் மலேசியா வெளிநாட்டு வண்டிகளுக்கு ரான் 95 பெட்ரோல் விற்பதைத் தடை செய்தது. 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை நறுக்கியபோது விலை ஒரே இரவில் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது.

ஆகவே பினாங்கில் 'பி' எழுத்தில் தொடங்கும் பழைய நம்பர் பலகையோடு ஒரு பிக்கப்பை மீட்டெடுக்கும் ஆள், டேங்க்கை நகர்த்துவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதியை வாங்க வேண்டும். மாற்றிய வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பழைய டேங்க்கைக் கழற்றியாகிவிட்டது, புதியது ஒன்றே ஒன்று, கொள்ளளவும் அதேதான் என்று படம் பிடித்துக் காட்ட முடிந்தால் வேலை சுலபம். இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கேள்விகள் நீளும். 2025 செப்டம்பர் கடைசியில் பூடி 95 மானியத் திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரான் 95 லிட்டர் 1 ரிங்கிட் 99 காசாக இருந்தது. மாதத்துக்கு 300 லிட்டர் வரை. பழைய ஷெவர்லேயின் இருபது கேலன் டேங்க்குக்கு அது ஏறக்குறைய நான்கு தடவை நிரப்பும் அளவு.